பாடியது யார், எந்தத் தட்டில்?
தமிழ்த் திரையிசைப் பட்டியல் நூல்களை எடைபோடும் முறை

1945-ல் வெளிவந்த ஏ. வி. மெய்யப்பனின் 'ஸ்ரீவள்ளி'யில் வள்ளியின் பாட்டுகளைப் பாடியது யார்? வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மணி. முதலில் பாடியவரும் அவரே. படம் எடுத்து முடிந்தபின் மெய்யப்பனுக்கு அந்தக் குரலில் திருப்தி வரவில்லை. பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ஏற்கெனவே எடுத்த வாயசைப்புக்கு அந்தக் குரலைப் பொருத்தினார்கள். ஆக, படப்பிடிப்பில் ஒரு குரல், கொட்டகையில் இன்னொரு குரல். 'பாடியவர்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்திருக்கும் நூல் அந்த இடத்தில் எந்தப் பெயரைப் போட்டாலும் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பது சினிமாவுக்கென்றே செய்த பழமொழி போலிருக்கிறது.

தமிழில் திரையிசை பற்றிய நூல்களுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை பட்டியல் தருகிற நூல்கள் மட்டும்: படம், ஆண்டு, பாடியவர், இசை, பாடலாசிரியர் என்று வரிசை வரிசையாக அடுக்கித் தருபவை. கட்டுரை எழுதுகிறவர்களும் வானொலிக்காரர்களும் பட்டிமன்றப் பேச்சாளர்களும் எடுத்தாள்வது அவற்றைத்தான். ஆனால் ஒரு பட்டியல் நூல் எந்த அளவுக்குச் சரியானது என்று அளந்து பார்க்கும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை. 'பெரிய உழைப்பு' என்று பாராட்டி அலமாரியில் வைத்துவிடுவோம். தப்புக் கண்டுபிடித்தவரைப் பொறாமைக்காரர் என்போம்.

பட்டியலிடும் கலையில் மேல்நாட்டார் எட்டிய உயரத்துக்குப் பீட்டில்ஸ் குழுவைப் பற்றிய நூல்களே அளவுகோல். மார்க் லூயிசன் 1988-ல் வெளியிட்ட 'தி கம்ப்ளீட் பீட்டில்ஸ் ரெக்கார்டிங் செஷன்ஸ்' அந்தக் குழு ஸ்டூடியோவில் கழித்த ஒவ்வொரு நாளையும் தேதிவாரியாகச் சொல்கிறது. அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த வசதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாட்டைப் பதிவு செய்தது, ஸ்டூடியோவை நடத்தியது, தட்டை அச்சிட்டு விற்றது எல்லாம் ஈ.எம்.ஐ. என்ற ஒரே கம்பெனி. ஒவ்வொரு நாளும் என்ன பதிவானது, எத்தனையாவது முயற்சி என்று எழுதிவைக்கும் குமாஸ்தா ஒழுக்கம் அங்கே இருந்தது. நாடாப் பெட்டிகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஜான் பாரெட் என்ற ஒலிப்பதிவாளர் அவற்றையெல்லாம் கேட்டு முன்பே பட்டியலிட்டும் வைத்திருந்தார்.

அப்படிப்பட்ட இடத்திலேயே சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 'லவ் மீ டூ' என்ற அவர்களுடைய முதல் பாட்டு 1962-ல் மூன்று முறை பதிவானது. ஜூன் 6-ல் டிரம் வாசித்தவர் பீட் பெஸ்ட். செப்டம்பர் 4-ல் ரிங்கோ ஸ்டார். செப்டம்பர் 11-ல் ஆண்டி வைட் என்ற வெளி ஆள். அன்று ரிங்கோவின் கையில் கொடுத்தது டாம்பரின். முதலில் கடைக்கு வந்த தட்டில் இருந்தது ரிங்கோ வாசித்தது; அடுத்த ஆண்டு எல்.பி.யில் ஏறியது ஆண்டி வைட் வாசித்தது. எனவே 'அந்தப் பாட்டில் டிரம் வாசித்தது யார்' என்ற கேள்விக்கு, எந்தத் தட்டு என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. இயன் மெக்டொனால்டின் 'ரெவல்யூஷன் இன் தி ஹெட்' (1994) அழகான நூல். ஆனால் யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்று அவர் காதை நம்பி எழுதிய இடங்களை நாடாவைப் பார்த்து எழுதியதற்குச் சமமாக எடுத்துக்கொள்ள முடியாது. எழுத்து நன்றாக இருப்பதற்கும் தகவல் சரியாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

நம் நாட்டிலும் முன்மாதிரி இருக்கிறது. ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர், கிராமபோன் கம்பெனி இந்தியாவில் செய்த முதல் பதிவுகளைப் பற்றி (1899–1908) எழுதிய நூல் 1994-ல் பம்பாயில் வந்தது. தட்டின் நடுவட்டத்தை ஒட்டிப் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்தான் அவருக்கு முதுகெலும்பு. தட்டின் விற்பனை எண் மாறலாம், லேபிளின் நிறம் மாறலாம். பதிவானபோது இட்ட அந்த எண் மாறாது. இந்தித் திரைப்பாட்டுக்கு, கான்பூர் ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஸ்' 1980 முதல் பத்தாண்டு பத்தாண்டாகத் தொகுத்த 'ஹிந்தி ஃபிலிம் கீத் கோஷ்' இருக்கிறது. பாட்டோடு இசைத்தட்டு எண்ணையும் தந்தது, பாடியவர் யாரென்று நிச்சயமில்லாத இடத்தை இட்டு நிரப்பாமல் விட்டது ஆகிய இரண்டு காரியங்களே அதன் மீதான நம்பிக்கைக்குப் போதும்.

தமிழுக்கு வருவோம். சென்னையில் பாட்டைப் பதிவு செய்தவர் படத் தயாரிப்பாளர். தட்டை விற்றது இன்னொரு கம்பெனி. எந்த நாளில் எந்தப் பாட்டு பதிவானது என்பதை ஓரிடத்தில் எழுதிவைக்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை. ஆகையால் பட்டியல் தயாரிப்பவருக்கு மிஞ்சுவன நான்கைந்து சாட்சிகள்: படப்பிரதி, டைட்டில், பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு, வானொலி அறிவிப்பு. ஒவ்வொரு சாட்சியும் தனக்கே உரிய விதத்தில் பொய் சொல்லும்.

பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டகை வாசலில் விற்ற அந்த மெலிந்த புத்தகம் படம் வருவதற்கு முன்பே அச்சானது. பிறகு வெட்டப்பட்ட பாட்டு புத்தகத்தில் தங்கிவிடும். கடைசி நேரத்தில் சேர்த்தது விடுபடும். பழைய புத்தகங்களில் பாடல் வரி முழுக்க இருக்கும், பாடியவர் பெயர் இருக்காது. டைட்டிலோ, பாடலாசிரியர்கள் நான்கைந்து பேரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எந்தப் பாட்டு யாருடையது என்று சொல்லாது. உடுமலை நாராயணகவி, தஞ்சை ராமையாதாஸ், மருதகாசி, கு. மா. பாலசுப்பிரமணியம் காலத்துப் படங்களில் பாட்டுக்குப் பாட்டு உறுதியாகப் பெயர் எழுதியிருக்கும் நூலைப் பார்த்தால், எதை வைத்து எழுதினார் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

இசைத்தட்டு உறுதியான சாட்சி போலத் தோன்றும். ஆனால் 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலேதான் கொள்ளும். படத்தில் நீண்ட பாட்டைத் தட்டுக்காகக் குறுக்கினார்கள், அல்லது இரண்டு பக்கமாக உடைத்தார்கள். ஆரம்பக் காலத்தில் அதே பாட்டைத் தட்டுக்கென்று தனியாகவே மறுபடி பாடியதும் உண்டு. இது வேறொரு பதிவு, வேறொரு நாள். தவிர, அந்தத் தட்டுகளில் ஆண்டு அச்சிட்டிருக்காது. பட்டியலில் காணும் ஆண்டு பெரும்பாலும் படத்தின் ஆண்டுதான். தட்டின் ஆண்டு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

எல்.பி. காலத்தில் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) தட்டில் எஸ். ஜானகி பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. படத்தில் அது இல்லை. இன்றும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. படத்தைப் பார்த்துப் பட்டியலிட்டவர் அதை விட்டிருப்பார், தட்டைப் பார்த்தவர் சேர்த்திருப்பார். இரண்டு பேரும் தவறு செய்யவில்லை. எதைப் பார்த்தோம் என்று சொல்லாமல் விட்டதுதான் தவறு.

இன்னொரு தொல்லை, நம் பாட்டுக்குத் தலைப்பு கிடையாது. முதலடிதான் பெயர். தொகையறாவோடு தொடங்கும் பாட்டை ஒருவர் தொகையறாவின் முதல் சொல்லில் அகரவரிசைப்படுத்துவார். இன்னொருவர் பல்லவியின் முதல் சொல்லில். இரண்டு நூல்களையும் சேர்த்து மூன்றாவது நூல் செய்கிறவர் ஒரே பாட்டை இரண்டாக எண்ணிவிடுவார். படத்தின் பெயரிலும் இதே ஆபத்து உண்டு. 'அம்பிகாபதி' 1937-லும் வந்தது, 1957-லும் வந்தது, முதலாவதில் எம். கே. தியாகராஜ பாகவதர், இரண்டாவதில் சிவாஜி. 'ஸ்ரீவள்ளி'யும் 1961-ல் மறுபடி வந்தது.

இசையமைப்பாளர் என்ற கட்டம்தான் எனக்கு எல்லாவற்றிலும் சுவையானது. பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) போன்ற படங்களில் பாட்டும் மெட்டும் பாபநாசம் சிவன், வாத்திய அமைப்பு ஜி. ராமநாதன் என்று வேலை பிரிந்திருந்தது. 'இசை' என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் யாரை எழுதுவது? சி. ஆர். சுப்பராமன் 1952-ல் இறந்தபோது 'தேவதாஸ்' முடியவில்லை. மிச்ச வேலையை முடித்தவர்கள் அவரிடம் இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும். சுப்பராமன் என்று மட்டும் எழுதினால் இருவருக்கு அநியாயம். மூவரையும் ஒன்றாக எழுதினால் யார் எதைச் செய்தார் என்பது மறைந்துபோகும். பிறகு அந்த இருவருமே இதே கதிக்கு ஆளானார்கள். 1965 வரை படங்களில் 'விஸ்வநாதன் – ராமமூர்த்தி' என்று வந்த இசையைப் பின்னால் வந்த தொகுப்பு கேசட்டுகளும் சி.டி.க்களும் எம். எஸ். விஸ்வநாதன் என்று மட்டுமே போட்டு விற்றன. கேசட் அட்டையைப் பார்த்து எழுதிய பட்டியல்களில் ராமமூர்த்தி காணாமல் போனார். இதை வைத்தே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பிரிந்தபின் இருவரும் மறுபடி சேர்ந்து இசையமைத்த 'எங்கிருந்தோ வந்தான்' 1995-ல் வந்தது. '1965-க்கு முன் இருவர், பின் ஒருவர்' என்ற விதியை வைத்துக் கட்டங்களை நிரப்பியவர் இங்கே வழுக்கி விழுவார்.

வானொலியைத் தாழ்ந்த சாட்சி என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. கீழ்ப்பழனி மலையில் ஆடலூர், தாண்டிக்குடி, பன்னைக்காடு என்று காப்பியும் மிளகும் விளையும் ஊர்களில் பாட்டு என்றால் நெடுங்காலம் வானொலிதான். முன்பு இலங்கை வானொலி, மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள். பிறகு கோடைக்கானல் உச்சியிலிருந்து 100.5-ல் வரும் கோடை பண்பலை. படம், பாடியவர், இசை என்று அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் அந்தத் தலைமுறையில் தமிழ்நாடு முழுக்க இருந்தது. ஆடலூரில் நான் புரட்டிப் பார்த்த ஒரு பழைய நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் தேதி போட்டிருந்தது. பெயர்களில் பிழை உண்டுதான். காதில் விழுந்தபடி எழுதியது. ஆனால் அந்தத் தேதிக்கு எந்தப் பட்டியல் நூலிலும் இல்லாத மதிப்பு இருக்கிறது. ஒரு பாட்டு ஒலிபரப்பான நாள் தெரிந்தால், தட்டு அதற்கு முன்பே வந்துவிட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஆண்டு அச்சிடாத தட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி எளிதில் கிடைக்காது. பழைய பேப்பர்க்காரரின் மூட்டைக்குப் போகும் நோட்டுகளில் இவையும் சேர்ந்துவிட்டன என்பது வேறு விஷயம்.

நூல்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையா, தனித்தனியே தேடி எழுதியவையா என்று கண்டுபிடிக்க நம்மிடம் பழைய வித்தை ஒன்று உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கிடைத்த ஏட்டுப் பிரதிகளையெல்லாம் ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தார். ஏடு ஒப்பிடுகிறவர்களுக்குத் தெரியும்: இரண்டு பிரதிகள் சரியான இடத்தில் ஒத்துப்போனால் அதிலிருந்து எதுவும் விளங்காது, ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் ஒன்று மற்றதன் வழிவந்தது, அல்லது இரண்டுக்கும் மூலம் ஒன்றே. பட்டியல் நூல்களிலும் அப்படியே. பாடகர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை மூன்று நூல்களில் அச்சு மாறாமல் வந்தால், மூன்று நூல்கள் சொல்கின்றன என்று எண்ணக் கூடாது. ஈயடிச்சான் காப்பி எத்தனை இருந்தாலும் சாட்சி ஒருவர்தான்.

எண்ணிக்கை என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்குக் கை தாராளம். லதா மங்கேஷ்கர் 25,000 பாட்டுப் பாடியதாகக் கின்னஸ் நூல் 1974-ல் எழுதியது. முகமது ரஃபி ஒத்துக்கொள்ளவில்லை. தாம் 28,000 பாடியதாகச் சொன்னார். பிறகு உட்கார்ந்து எண்ணியவர்கள் கண்டது என்ன? ரஃபிக்கு இந்தித் திரைப்பாட்டு 4,516, பிற மொழித் திரைப்பாட்டு 112, தனிப்பாட்டு 328. லதாவின் இந்திப் பாட்டு எண்ணிக்கை ஐயாயிரத்தைச் சற்றே தாண்டியது. சண்டை போட்ட எண் இருவருக்குமே கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஊதியது. ஒரே ஒரு படத்தின் பாட்டைக்கூட எண்ண முடியவில்லை நமக்கு: 1932-ன் 'இந்திரசபா'வில் 69 பாட்டு என்பார்கள், 71 என்பார்கள், 72 என்பார்கள். தொகையறாவையும் வசனச் செய்யுளையும் பாட்டாக எண்ணுவதா என்பதிலேயே கருத்து ஒன்றில்லை. நம் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) விஷயத்தில் பிரதியே இல்லாததால், யார் எந்த எண்ணைச் சொன்னாலும் மறுக்க வழியில்லை.

பி. சுசீலாவுக்கு 2016-ல் கின்னஸ் ஏற்ற எண் 17,695. பூச்சியத்தில் முடியாத எண் என்பதே ஒரு நல்ல அறிகுறி. யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அந்த அறிவிப்பைக் கவனித்துப் படித்தால், 1960-கள் தொடங்கித் தனிப்பாட்டு, ஜோடிப்பாட்டு, கோரஸோடு பாடியது என்று வரம்பு கட்டியிருக்கிறது. அவர் 1950-களிலேயே பாடிப் புகழ்பெற்றவர். அப்படியானால் அது அவர் பாடிய மொத்தம் அல்ல. எஸ். பி. பாலசுப்ரமணியம் 40,000 பாட்டுப் பாடினார் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. 1966 டிசம்பரில் முதல் பாட்டு, 2020 செப்டம்பரில் மறைவு. ஏறக்குறைய 54 ஆண்டு, 19,600 நாள். காய்ச்சலுக்கும் கச்சேரிக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் ஒரு நாள்கூட விடாமல் தினம் இரண்டு பாட்டு. ஒரே நாளில் இருபதுக்கு மேல் பாடிய சாதனை அவருக்கு உண்டுதான். ஆனால் சாதனை நாளைச் சராசரி நாளாக எடுத்துக்கொண்டால் கணக்கு எங்கே நிற்கும்? இளையராஜா விஷயத்திலும் வகுத்துப் பார்க்கலாம். 2016-ன் 'தாரை தப்பட்டை'யை அவருடைய ஆயிரமாவது படம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆயிரம் படத்துக்கு எட்டாயிரம் பாட்டு என்றால் படத்துக்கு எட்டு. எண்பதுகளின் படங்களில் ஐந்து பாட்டு என்பதே வழக்கமாக இருந்தது. இந்தக் கலைஞர்களின் பெருமை எண்ணிக்கையில் இல்லை என்று எல்லோரும் மேடையில் சொல்வோம். அடுத்த வாக்கியத்திலேயே எண்ணைச் சொல்வோம்.

ஒரு நூலைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது பெரிய படங்களை அல்ல. 'பாவமன்னிப்பு' பாட்டுகளை யாரும் தப்பாக எழுத மாட்டார்கள். ஓடாத படம், மொழிமாற்றுப் படம், பெயர் ஒன்றாக இருந்து ஆண்டு வேறான படம், பாதியில் இசையமைப்பாளர் மாறிய படம் ஆகியவற்றைத்தான் தேடுவேன். அடுத்தது வெற்றிடம். 1930-களின் படங்களுக்கும் பாடியவர், எழுதியவர், இசை எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால் அந்த நூலைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கேள்விக்குறி போடத் தெரிந்த தொகுப்பாளர் மீதிக் கட்டங்களையும் யோசித்தே நிரப்பியிருப்பார்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் பிலிம் நியூஸ் ஆனந்தனின் 'சாதனைகள் படைத்த தமிழ்த்திரைப்பட வரலாறு' (2004) எங்கே நிற்கிறது? படங்களின் பதிவேடாக அதற்கு இணை இல்லை. எந்த அரசும் பல்கலைக்கழகமும் செய்யாததை ஒரு தனி மனிதர் ஆண்டுக்கணக்கில் சேகரித்துச் செய்தார். ஆனால் அது படங்களின் பதிவேடு. பாட்டுப் பதிவுகளின் பதிவேடு அல்ல. எந்தப் பாட்டு யார் பாடியது, தட்டு எது என்ற கேள்விக்கு அதைத் திறந்துவிட்டு, பதில் இல்லையே என்று குறை சொல்வது நியாயமில்லை. வாமனனின் 'திரை இசை அலைகள்' தொகுதிகள் வேறு வகை. கலைஞர்களின் வாழ்க்கையும் அவர்களே சொன்ன நினைவுகளும் அவற்றின் பலம். நினைவு ஆண்டுகளை இடம் மாற்றிவைக்கும் என்பதை மனதில் வைத்துப் படித்தால் அவற்றிலிருந்து கிடைப்பது அதிகம். தமிழுக்கு இன்னும் தேவைப்படுவது மூன்றாவது வகை. தட்டு எண், மேட்ரிக்ஸ் எண், படத்தில் உண்டா இல்லையா, பெயர் எங்கே கண்டது என்று தனித்தனிக் கட்டம் போட்ட நூல். அதற்கான கச்சாப் பொருள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பாட்டுப் புத்தகங்களிலும், வி. ஏ. கே. ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர்கள் வாழ்நாளெல்லாம் காத்த தட்டுகளிலும் இருக்கிறது.

இத்தனை நுணுக்கம் எதற்கு, பாட்டைக் கேட்டு ரசித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் கோடைக்கானல் பக்கமே கிடைக்கும். 'குணா' (1991) எடுத்ததால் பெயர் மாறிய குகை அங்கே இருக்கிறது. அந்தப் படத்தில் கமலும் ஜானகியும் பாடிய பாட்டை 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' எடுத்தாண்டது. இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது; ஒலிப்பதிவு உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் அனுமதி பெற்றுவிட்டோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். 1957-ன் பதிப்புரிமைச் சட்டம் பாட்டின் வரிகளை ஒரு படைப்பாகவும், மெட்டை இன்னொன்றாகவும், ஒலிப்பதிவை மூன்றாவதாகவும் பார்க்கிறது. நம் நூல்கள் ஒரே வரிசையில் கொட்டிவைப்பதைச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது.

ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டு. 1964-ல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024-ன் கடைசி நாளோடு முடிந்தது. அதே தட்டைப் பட்டியல் 1966 என்று தவறாக எழுதியிருந்தால், பொதுச்சொத்தாகிவிட்ட பதிவுக்கு இன்னும் இரண்டு ஆண்டு யாரோ பணம் கேட்கலாம். பாடல் வரிகளுக்கோ எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-ல், வாலி 2013-ல். வாலி எழுதிய பாட்டைக் கண்ணதாசன் பாட்டு என்று நினைப்பது தமிழ்நாட்டில் தேநீர்க்கடை வரைக்கும் நடக்கிற சமாசாரம். அந்தக் குழப்பம் ஒரு பட்டியலில் ஏறினால், வரிகளின் உரிமை 2073 வரை என்பது 2041 வரை என்றாகும். முப்பத்திரண்டு ஆண்டு வித்தியாசம், ஒரே ஒரு கட்டத்தில் எழுதிய பெயரால்.